நடப்பவர் யார்? நடைபாதை யாருக்கு?

மனிதன் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் பயணம் நடை. அதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. உரிமம் எடுக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. செல்வனுக்கும் ஏழைக்கும் இயற்கை இரண்டே கால்களைத்தான் அளித்திருக்கிறது. ஆகவே நடப்பதில் மட்டுமாவது மனிதர் அனைவரும் சமம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நம் புதுச்சேரி நகரில் காலை முதல் மாலை வரை ஒரு நாள் நடந்து பார்த்தால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. கால்கள் சமம், கால் வைக்கும் இடம் சமமன்று. ஒருவருடைய வருவாய் எவ்வளவு, அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், ஆணா பெண்ணா, இளைஞரா முதியவரா என்பவற்றைப் பொறுத்து நடைபாதை அகலமாகிறது; குறுகுகிறது; சில இடங்களில் இல்லாமலே போய்விடுகிறது.

"படிக்கிற மாணவனுக்கு நடைபாதையைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நாட்டில் பேசுவதற்குப் பெரிய பிரச்சினைகள் பல இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மருத்துவமனை, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, நூல் நிலையம், பூங்கா ஆகிய எதுவும் போய்ச் சேர முடிந்தால்தான் பயன்படும். அரசு கட்டித் தரும் வசதிக்கும் அதை அனுபவிக்க வேண்டிய மனிதனுக்கும் நடுவே இருப்பது ஒரு தெரு. அந்தத் தெருவைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

கோடு போட்டுப் பிரித்த நகரம்

புதுச்சேரி தானாக வளர்ந்த ஊரன்று. திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர். 1693இல் டச்சுக்காரர்கள் இதைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தனர். நேர்நேரான தெருக்களைக் கொண்ட நகரத் திட்டம் அக்காலத்தில் வரையப்பட்டது. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் கட்டியெழுப்பினர். இன்று நாம் காணும் பழைய நகரம் அப்போது எழுந்ததே. வடக்கு, தெற்கு, மேற்கு ஆகிய மூன்று திசைகளிலும் அகன்ற சாலைகள், கிழக்கே கடல், நடுவே பெரிய வாய்க்கால்.

அந்த வாய்க்கால் மழைநீரை மட்டும் பிரிக்கவில்லை, மனிதரையும் பிரித்தது. கிழக்கே வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம் என்று அவர்கள் அழைத்த தமிழர் பகுதி. தமிழர் பகுதிக்குள்ளும் சமத்துவம் இருந்ததா என்றால் இல்லை. வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வைசியாள் வீதி என்று தெருவுக்குத் தெரு சாதியின் பெயரே நின்றது. இசுலாமியருக்குத் தெற்கே தனிப் பகுதி. மீனவர்க்கு வடக்கிலும் தெற்கிலும் குப்பங்கள். எவன் எங்கே வாழலாம், எவன் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதை நகரத்தின் வரைபடமே சொல்லிவிட்டது. இன்றைய சமூகவியலார் மக்கள்தொகைக் கூறுகளுக்கும் வசதிகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கின்றனர். நம் ஊரில் அந்தத் தொடர்பு ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியே வைத்துவிட்டார்கள்!

இங்கே ஒரு நல்ல செய்தியையும் மறக்கக் கூடாது. தமிழர் பகுதி வீடுகளின் முன்னே தெருவை ஒட்டித் திண்ணையும், அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரமும் இருந்தன. தாழ்வாரம் வழிப்போக்கனுக்கு நிழல் தந்தது. திண்ணை இளைப்பாற இடம் தந்தது. நகராட்சி ஒரு காசு செலவிடாமல் வீட்டுக்காரரே தெருவுக்கு அளித்த வசதி அது. அந்தத் திண்ணையும் சாதி பார்த்தே வரவேற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் நடப்பவனை நினைத்து வீடு கட்டும் வழக்கம் நம்மிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. வைசியாள் வீதியில் அத்தகைய வீடுகளைப் புதுப்பித்துத் தெருவின் பழைய தோற்றத்தை மீட்ட பணி, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. ஆனால் மற்றப் பல தெருக்களில் தாழ்வாரம் போய் இரும்புக் கதவு வந்தது. திண்ணை போய் வண்டி நிறுத்தும் சரிவு வந்தது. வழிப்போக்கன் வெயிலுக்குத் தள்ளப்பட்டான்.

அண்மை வேறு, வசதி வேறு

இன்று புதுச்சேரியில் நடப்பதற்கு மிகச் சிறந்த இடம் எது என்று யாரைக் கேட்டாலும் கடற்கரைச் சாலை என்பார்கள். காந்தி சிலை நிற்கும் அந்தக் குபேர் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை. குழந்தை தடையின்றி ஓடுகிறது. முதியவர் கைத்தடியுடன் தனியே உலவுகிறார். பெண்கள் அச்சமின்றிக் காற்று வாங்குகின்றனர். அதை ஒட்டிய ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி போன்றவற்றில் மரநிழல் இருக்கிறது, நெரிசல் குறைவு. பாரதி பூங்கா, அரசு பொது மருத்துவமனை, 1827இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம், அருங்காட்சியகம், சட்டமன்றம் அனைத்தும் ஒரு சுற்றில் நடந்து முடித்துவிடக் கூடிய தொலைவில் உள்ளன. பாரிசு நகரத்தில் 2020 முதல் பெரிதாகப் பேசப்படும் "பதினைந்து நிமிட நகரம்" என்னும் கருத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஆனால் கேள்வி இதுதான்: அந்தப் பதினைந்து நிமிடத்திற்குள் குடியிருப்பவர் எத்தனை பேர்? வீடுகள் விடுதிகளாகவும், விடுதிகள் உணவகங்களாகவும் மாறிவரும் பகுதி அது. நடக்க நல்ல இடம் என்பதாலேயே விருந்தினர் வருகின்றனர். விருந்தினர் வருவதால் வாடகை ஏறுகிறது. வாடகை ஏறுவதால் சம்பளத்தை நம்பி வாழ்பவர் வெளியேறுகிறார். நல்ல நடைபாதை அங்கே இருப்பவருக்கு ஒரு பேறு. இல்லாதவருக்கு அதுவே நுழைய முடியாத மதில். அமெரிக்க நகரங்களில் நடந்து செல்லத்தக்க பகுதிகளில் வீட்டு விலை கூடுதல் என்று பொருளியலார் கூறுவது நம் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயும் பொருந்துகிறது.

கடற்கரைச் சாலையின் வடகோடியில் பழைய சாராய ஆலை இருக்கிறது. அதைத் தாண்டினால் குருசுக்குப்பம், பின்னர் வைத்திக்குப்பம். தென்கோடியைத் தாண்டினால் வம்பாகீரப்பாளையம். ஒரே கடல், ஒரே காற்று. ஆனால் உலவும் சாலை முடியும் இடத்தில் வேறொரு நகரம் தொடங்குகிறது. சந்துகள் குறுகியவை, பக்கவாட்டில் சாக்கடை, மேலே மூடிய பலகைக்கல் சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. காய வைத்த வலையும், தண்ணீர்க் குடமும், நிறுத்திய வண்டியும் போக மிச்சமிருப்பதே நடக்கும் வழி.

இங்கே எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். "ஏழைகள் வாழும் பகுதியில்தானே எல்லாம் அருகிலேயே கிடைக்கிறது? பெட்டிக்கடை, தேநீர்க் கடை, இட்லிக் கடை, கோயில், பூக்காரி, அங்கன்வாடி எல்லாம் ஐந்து நிமிட நடையில் இருக்கின்றன. ஊருக்கு வெளியே புதிதாக எழும் செல்வர் குடியிருப்புகளில் ஒரு தீப்பெட்டி வாங்கவும் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறதே!" என்று கேட்கலாம். இது உண்மை. அமெரிக்காவில் 2007இல் தொடங்கப்பட்ட "வாக் ஸ்கோர்" என்னும் மதிப்பெண் முறை, ஓர் இடத்திலிருந்து கடைகளும் பள்ளிகளும் பூங்காக்களும் எவ்வளவு அருகில் உள்ளன என்பதையே முக்கியமாகக் கொண்டு அளக்கிறது. அந்த அளவுகோலைக் கொண்டு வந்தால் குருசுக்குப்பம் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறிவிடும்.

ஆனால் அண்மை வேறு, வசதி வேறு. கடை பத்தடியில் இருக்கலாம். அந்தப் பத்தடியில் திறந்த சாக்கடை இருந்தால் கண் மங்கிய பாட்டிக்கு அது பத்து மைல். மேலும், அருகில் கிடைப்பவை எவை என்றும் பார்க்க வேண்டும். மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்ட பெட்டிக்கடையும் இட்லிக் கடையும் அருகில் உள்ளன. அரசும் நகராட்சியும் உண்டாக்க வேண்டிய நிழல்மரம், இருக்கை, கழிப்பிடம், விளையாட்டிடம், படிப்பகம் ஆகியவையே தொலைவில் உள்ளன. ஏழையின் தெருவில் இருப்பது அவன் உழைப்பால் வந்தது. இல்லாதது பொதுப்பணத்தால் வந்திருக்க வேண்டியது. இந்த வேறுபாட்டை எந்த மதிப்பெண் முறையும் சொல்லாது.

சங்கு ஓய்ந்த பிறகு

வருவாய்க்கும் நடைக்கும் உள்ள தொடர்பை அறிய நம் ஊரின் ஆலை வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. என்று பெயர் பெற்றது. அதனுடன் சுதேசி ஆலை, பாரதி ஆலை என மூன்று பஞ்சாலைகள் இந்த நகருக்குச் சோறு போட்டன. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியாயினர். அந்த இரத்தத்தின் விலையாகவே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை சட்டமாயிற்று.

முதலியார்பேட்டையும் வாணரப்பேட்டையும் நெல்லித்தோப்பும் ஆலைச் சங்கின் ஓசை எட்டும் தொலைவில் வளர்ந்த பகுதிகள். சங்கு ஊதியதும் வீட்டிலிருந்து புறப்பட்டு வாயில் மூடுமுன் போய்ச் சேர முடிந்தவனுக்கே வேலை. ஆகவே வேலை இருந்த இடத்தைச் சுற்றி வீடு. வீட்டைச் சுற்றிச் சந்தை, சங்கக் கொட்டகை, பள்ளி. தொழிலாளி ஏழைதான், ஆனால் அவனுடைய ஊர் அவன் நடையின் அளவுக்கு இருந்தது. என் தாத்தா அவ்வாறு நடந்துபோய் ஆலையில் உழைத்தவர்.

ஆலைகள் நலிந்தன. ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. வேலை மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கும், நகரைச் சுற்றி எழும் கட்டடங்களுக்கும், விடுதிகளுக்கும் இடம் மாறியது. வீடு இடம் மாறவில்லை. தாத்தா நடந்து போன தெருவிலிருந்து பேரன் இருசக்கர வண்டியில் புறப்பட வேண்டும்; வண்டி இல்லாதவன் டெம்போவுக்குக் காத்து நிற்க வேண்டும். நடந்து பிழைத்த குடும்பங்கள் கடன் வாங்கி வண்டி வாங்கியது ஆசையினால் மட்டுமன்று. ஊர் அவர்களுடைய காலுக்கு எட்டாத தொலைவுக்குப் பெருகிவிட்டதனால்!

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் ஏறத்தாழ 2 இலட்சத்து 44 ஆயிரம் பேர். உழவர்கரை நகராட்சியில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அதாவது, பழைய நகரைக் காட்டிலும் அதன் மேற்கிலும் வடக்கிலும் பரந்த புதிய பகுதிகளிலேயே மக்கள் அதிகம். நம் கல்லூரி அமைந்த லாஸ்பேட்டையும், ரெட்டியார்பாளையமும், முத்திரையர்பாளையமும் அங்கேதான் உள்ளன. ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகருக்குக் குடிநீர் முத்திரையர்பாளையத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்று கதையில் போற்றப்படும் ஆயி என்ற பெண்ணின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த ஆயி மண்டபம் பாரதி பூங்காவில் வெண்மையாக நிற்கிறது. தண்ணீர் தந்தது ஊரின் புறம். மண்டபமும் பூங்காவும் பெற்றது ஊரின் நடு. அன்று வாய்க்கால் வழியே இங்கு வந்த நன்மைக்கு ஈடாக, நடக்கத்தக்க தெருக்கள் இங்கிருந்து அங்கே போய்ச் சேர வேண்டாமா?

ஒரு வீட்டுக்குள் இரண்டு வருவாய்

வருவாய் என்றதும் செல்வர் வீடு, ஏழை வீடு என்று பிரிப்பதோடு நின்றுவிடுகிறோம். ஒரே வீட்டுக்குள்ளும் பிரிவு உண்டு. நடுத்தரக் குடும்பத்தில் ஒரு வண்டி இருந்தால் அதைக் கணவரோ மகனோ எடுத்துச் செல்வார். மனைவி நடப்பார், மகள் நடப்பாள், தாத்தாவும் பாட்டியும் நடப்பார்கள். என் அம்மா வீட்டு வேலைக்கு நடந்துதான் போகிறார். கையில் பையும் குழந்தையும் இருக்கும் பெண்ணுக்கு நடைபாதை என்பது உலவும் இடமன்று; வேலையின் ஒரு பகுதி.

பெரிய மார்க்கெட் அருகில் மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மாவிடம், "ஆயா, ஓரமா நடக்கலாமே?" என்று நான் கேட்டதுண்டு. அவர் சிரித்துவிட்டு, "ஓரம் எங்க தம்பி இருக்குது? நடந்தா வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நின்னா கடைக்காரரு போகச் சொல்றாரு. கூடைய எறக்கி வெச்சா போலீசு வருது. நான் தலைமேலயா நடக்கிறது?" என்றார். எத்தனையோ புத்தகங்களில் காண முடியாத ஆராய்ச்சி முடிவு அந்த ஐந்து வாக்கியங்களில் இருக்கிறது.

நாடு முழுவதற்கும் எண்களைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்வோர் வேலைக்கு எப்படிப் போகின்றனர் என்று கேட்கப்பட்டது. 100 பேரில் ஏறத்தாழ 23 பேர் நடந்தும், 13 பேர் மிதிவண்டியிலும் போகின்றனர் என்று தெரியவந்தது. இவர்களுக்குச் சாலையில் கிடைத்த பரிசு என்ன? 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர்; அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்து பிணங்களில் ஒன்று, எவரையும் மோதாத, எவரையும் மோத முடியாத ஒருவருடையது! கார் வைத்திருப்பவர் செய்யும் தவறுக்குக் காரின் இரும்பு காவல். நடப்பவருக்கு அவருடைய தோலே காவல்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதிகள் இல்லாமல் இல்லை. இந்தியச் சாலைக் குழு 2012இல் வெளியிட்ட நெறிமுறைப்படி நடப்பதற்கென்று தடையின்றி 1.8 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். சாலை மட்டத்திலிருந்து உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது நண்பர்கள் ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். மூட்டு வலிக்காரர் ஏற முடியாத உயரத்தில் கட்டியிருப்பதையும், ஏறினாலும் மின்மாற்றியோ விளம்பரப் பலகையோ வழி மறிப்பதையும் நீங்களே காண்பீர்கள். பிறகு, "மக்கள் நடைபாதையில் நடப்பதே இல்லை" என்று மக்களையே குறை கூறுவது எந்த நியாயம்? தடையற்ற நடைபாதையில் நடப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் தெளிவுபடுத்திவிட்டது.

யாரிடம் கேட்பது?

உரிமை இருக்கிறது, விதி இருக்கிறது. பின் ஏன் நடைபாதை இல்லை? நடப்பவருக்குக் குரல் இல்லை என்பதே என் விடை. வருவாய் உயர்ந்ததும் ஒருவர் முதலில் செய்வது வண்டி வாங்குவது. தெருவைப் பற்றி அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லக் கூடிய படிப்பும் செல்வாக்கும் அவருக்கு வரும் அதே வேளையில், அவர் நடப்பவர் கூட்டத்தை விட்டுப் போய்விடுகிறார். அதன்பின் அவர் கேட்பது அகலமான சாலை, வண்டி நிறுத்த இடம், மேம்பாலம். மிஞ்சி நடப்பவரோ மனு எழுதத் தெரியாதவர், அல்லது மனு எழுத நேரமில்லாதவர்.

கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1880லேயே நகராட்சி முறை ஏற்பட்ட மண் இது. ஆனால் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011இல் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. வார்டு உறுப்பினர் என்பவர் நம் தெருவில் நடப்பவர். உடைந்த சாக்கடை மூடியில் அவர் காலும் இடறும். அவர் இல்லாதபோது தெருவின் குறை கோப்பாக மாறி அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறது.

இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்திற்கும் ராஜீவ் காந்தி சிலைச் சதுக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீள மேம்பாலத்திற்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. செலவு 400 கோடி ரூபாய்க்கு மேல். நான் அதை எதிர்ப்பவனல்லன். அந்த நெரிசலில் சிக்கியவர் எவரும் எதிர்க்கமாட்டார். ஆனால் மேலே வண்டிகள் பறக்கும்போது கீழே தெருவைக் கடப்பவர் எப்படிக் கடப்பார், எங்கே நிற்பார், எவ்வளவு நேரம் விளக்குக்குக் காத்திருப்பார் என்பதையும் அதே வரைபடத்தில், அதே பணத்தில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

செய்யத்தக்கவை

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடமை. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது. தியாகராய நகரில் 2019இல் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதை வளாகம் அதன் வழி வந்தது. "பாண்டி பஜார்" என்று மக்கள் வழங்கும் அந்தத் தெருவின் பெயர் நம் ஊரைக் குறிப்பதன்று; சவுந்தரபாண்டியனாரைக் குறிப்பது. பெயர் நம்முடையதாக இல்லாவிட்டாலும் பாடம் நம்முடையதாகலாம். எனினும் ஒரு செல்வச் செழிப்பான கடைத்தெருவை அழகுபடுத்துவதோடு நின்றுவிட்டால் கடற்கரைச் சாலையின் கதைதான் மறுபடியும் நடக்கும். ஆகவே நடைபாதைக்குச் செலவிடும் பணம் முதலில் நடப்பவர் மிகுந்த இடத்திற்குப் போக வேண்டும்: மருத்துவமனை வாயில், அரசுப் பள்ளி வாயில், சந்தை, பேருந்து நிறுத்தம், குப்பங்களின் உள் தெரு. அழகு பிறகு வரட்டும்.

இரண்டாவது, தெருவோர வணிகரை விரட்டி நடைபாதை காண முயல்வது தவறு. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கித் தரச் சொல்கிறது. மகாத்மா காந்தி வீதியின் ஞாயிறு சந்தையைப் பாருங்கள். வாரம் முழுவதும் வண்டிகள் ஆண்ட தெருவை அன்று மக்கள் ஆள்கிறார்கள். மலிவு விலைச் சட்டையும், பழைய புத்தகமும், பாத்திரமும் வாங்க வரும் கூட்டம் தெரு நிறைய நடக்கிறது. தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிறுதோறும் பெருஞ்சாலைகளில் வண்டிகளை நிறுத்தி மக்களை நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் விடுகின்றனர். உலகம் அதைப் போற்றுகிறது. எந்த நிபுணரும் சொல்லாமலே நம் சிறு வணிகர்கள் அதற்கு நிகரான ஒன்றை இங்கே உண்டாக்கிவிட்டனர். கடற்கரைச் சாலைக்கு அன்றாடம் கிடைக்கும் மாலைச் சலுகை வாரத்தில் ஒரு மாலையாவது முத்தியால்பேட்டைக்கும் நெல்லித்தோப்புக்கும் முதலியார்பேட்டைக்கும் கிடைக்கக் கூடாதா?

மூன்றாவது பணி நம்முடையது. கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு, மிதிவண்டி உண்டா, ஸ்கூட்டர் உண்டா, கார் உண்டா என்று கேட்டனர். வாசலில் நடைபாதை உண்டா என்று கேட்கவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப் போடப்பட்டது. அதுவரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? அறிவியல் மாணவர்களுக்கு அளக்கத் தெரியும். கணித மாணவர்களுக்குக் கணக்கிடத் தெரியும். வரலாற்று மாணவர்களுக்குத் தெருவின் கதை தெரியும். தமிழ் மாணவர்களுக்கு எழுதத் தெரியும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு வாரத்தை இதற்கென ஒதுக்கலாம். ஒவ்வொரு வார்டிலும் நடைபாதையின் அகலம், உயரம், நிழல், விளக்கு, இருக்கை, கழிப்பிடம், அருகிலுள்ள பள்ளிக்கும் மருந்தகத்திற்கும் நடக்க ஆகும் நேரம் ஆகியவற்றை அளந்து அட்டவணையாக்குவோம். அந்த அட்டவணையைப் பகுதி மக்களின் வருவாயோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். முடிவு எதுவாயினும் அதை நகராட்சியின் முன் வைப்போம். என் எண்ணம் தவறு என்று எண்கள் சொன்னால் மகிழ்ச்சியடையும் முதல் ஆள் நானாகவே இருப்பேன்.

1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியார் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவிலிருந்து முத்தியால்பேட்டைக் குயில் தோப்புக்குப் போய் வந்தவர். அந்தக் காலத்துத் தெருவை மீட்க முடியாது; மீட்க வேண்டியதும் இல்லை, ஏனெனில் அதில் எல்லோருக்கும் சம இடம் இருந்ததில்லை. நமக்கு வேண்டுவது பழைய புதுச்சேரியன்று, நியாயமான புதுச்சேரி. நம்மில் பலர் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறையினர். நாளை வேலை கிடைக்கும், வண்டியும் வாங்குவோம், அதில் தவறில்லை. ஆனால் வண்டியில் ஏறிய பிறகும் தெருவோரம் நடப்பவருக்காகப் பேசும் குரலை நாம் கீழே இறக்கி வைத்துவிடக் கூடாது. படித்தவர் நடப்பவருக்காகப் பேசத் தொடங்கும் நாளில்தான் பெரிய வாய்க்கால் வெறும் வாய்க்காலாகும். அந்த நாளை விரைவில் கொண்டுவர இந்தக் கல்லூரியிலிருந்தே முதல் அடி எடுத்து வைப்போம்!